இரண்டு ரம்பங்களின் மூச்சு: ஹோம்லைட் எக்ஸ்எல்-12, ஸ்டில் 041

பழைய சங்கிலி ரம்பங்களைத் தேடிப்பிடித்து ஓடவைக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாக நிற்பார்கள். ஓர் அணிக்கு அமெரிக்க ரம்பங்கள்தாம் ரம்பங்கள். மற்ற அணிக்கு ஜெர்மனியும் ஸ்வீடனும் தந்தவை. அணிக்கு ஒன்றாக எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்போம். முதலாவது ஹோம்லைட் எக்ஸ்எல்-12. 1960-களின் முற்பாதியில் அமெரிக்காவில் வந்தது. பாரும் சங்கிலியும் சேர்க்காமல் 12 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. பெயரில் உள்ள எண் அந்த எடைதான். இரண்டாவது ஜெர்மனியின் ஸ்டில் 041 ஏவி. அதே பத்தாண்டின் பிற்பாதியில் வந்தது. சற்றுக் கனமானது, சற்று வலுவானது. முன்னது எளிதில் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போவதற்கான ரம்பம். பின்னது நாள் முழுதும் காட்டில் நிற்பவரை மனத்தில் வைத்துச் செய்த ரம்பம்.

வெளித்தோற்றத்தில் இவ்வளவு விலகி நிற்கும் இரண்டையும் பிரித்து அளந்தால் முதல் வியப்பு சிலிண்டரிலேயே காத்திருக்கிறது. எக்ஸ்எல்-12-இன் சிலிண்டர் விட்டம் ஒன்றே முக்கால் அங்குலம், மில்லிமீட்டரில் 44.45. 041-இன் விட்டம் 44 மில்லிமீட்டர். ஒருவர் அங்குலத்திலும் மற்றவர் மெட்ரிக்கிலும் கணக்குப் போட்டும், இடையில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பிரிவு வருவது பிஸ்டன் பயணிக்கும் தூரத்தில். ஹோம்லைட்டில் அது சுமார் 35 மில்லிமீட்டர், ஸ்டில்லில் 40. அதனால் முன்னது 54 சிசி, பின்னது 61 சிசி. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் முன்னது விரைந்து சுழல்வதையும், பின்னது அழுத்தினாலும் தளராமல் இழுப்பதையும் இந்த 5 மில்லிமீட்டர் பெருமளவு விளக்கிவிடுகிறது.

பழுதுபார்ப்பவருக்கு விட்டத்தைவிட முக்கியமானது வேறொன்று: இந்த எஞ்சின் எப்படி மூச்சு வாங்குகிறது? எக்ஸ்எல்-12-இல் கார்புரேட்டருக்கும் கிராங்க் அறைக்கும் நடுவே மெல்லிய எஃகு இதழ்கள் இருக்கின்றன. பிஸ்டன் மேலேறும்போது அவை திறந்து கலவையை உள்ளே விடுகின்றன. பிஸ்டன் இறங்கும்போது தாமே மூடிக்கொள்கின்றன. இது ரீட் வால்வு. 041-இல் அப்படி எந்த இதழும் இல்லை. சிலிண்டர் சுவரில் ஒரு வாசல். பிஸ்டனின் பாவாடைப் பகுதியே ஏறி இறங்கி அந்த வாசலைத் திறந்து மூடுகிறது. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. யமஹா ஆர்எக்ஸ் 100 ரீட் வால்வு வண்டி. பழைய யெஸ்டி பிஸ்டனே வாசல் காக்கும் வண்டி. ஆனால் இணை இங்கே மாறிக்கிடக்கிறது. ஆர்எக்ஸ் 100-இல் ரீட் வால்வோடு மின்னணு இக்னிஷன், யெஸ்டியில் பிஸ்டன் வாசலோடு பாயிண்ட். நம் இரண்டு ரம்பங்களில் ரீட் வால்வுக்காரர்தான் பாயிண்ட் வைத்திருக்கிறார். பிஸ்டன் வாசல்காரரிடம்தான் மின்னணு. வண்டிகளை வைத்து “ரீட் என்றால் புதியது” என்று பழகிய கை, ரம்பத்துக்கு வரும்போது அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவர வேண்டும்.

மூச்சு வேறாக இருப்பதால் ஒரே அறிகுறிக்கு இரண்டு ரம்பங்களிலும் ஒரே பொருள் கிடையாது. இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் ஈர்ப்பது இதுதான். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுக்கிறோம். கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் மூடுபனிபோலப் பின்னோக்கித் தெறிக்கிறது. 041-இல் இது கவலைக்குரியதல்ல. பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகும் வாசல் கணநேரம் திறந்தே இருக்கும். அந்த இடைவெளியில் கொஞ்சம் கலவை திரும்புவது அதன் இயல்பு. எக்ஸ்எல்-12-இல் அதே தெறிப்பு இருந்தால் ஏதோ ஓர் இதழ் வளைந்திருக்கிறது, உடைந்திருக்கிறது, அல்லது அதன் அடியில் தூசு சிக்கியிருக்கிறது. அங்கே கார்புரேட்டரைக் கழற்றி இதழ்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் மேற்கொண்டு எதையும் தொடுவது வீண். ஒரு ரம்பத்தில் உடல்நலம், மற்றதில் நோய். கண்ணுக்குத் தெரிவது ஒரே தெறிப்பு.

தூசு விஷயத்திலும் இப்படித்தான். ஃபில்டர் கிழிந்து மரத்தூளும் மண்ணும் உள்ளே போயிருந்தால், 041 அதை பிஸ்டனிலேயே எழுதி வைத்துவிடும். உள்வரும் வாசல் பக்கத்துப் பாவாடை மங்கி, மெல்லிய செங்குத்துக் கீறல்களோடு தேய்ந்திருக்கும். அந்தப் பாவாடைதான் கதவு என்பதால், அது தேய்ந்தால் கதவே தளர்ந்துவிட்டது என்று பொருள். மேலே கம்பிரஷன் நன்றாகக் காட்டினாலும், கீழே கிராங்க் அறையில் அழுத்தம் சேராது. ரம்பம் கிளம்ப மறுக்கும், அல்லது கிளம்பிச் சோர்ந்துபோகும். எக்ஸ்எல்-12-இல் தூசு இதழ்களைத் தாண்டி நேரே கிராங்க் அறைக்குப் போய்விடுவதால், பிஸ்டனில் இவ்வளவு தெளிவான சாட்சி கிடைப்பதில்லை. அங்கே பேரிங்குகளைக் கையால் ஆட்டியும் சுழற்றியும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சைலன்ஸரைக் கழற்றி வெளியேற்று வாசல் வழியாகப் பார்க்கும்போது மட்டும் இரண்டும் ஒரே மொழியில் பேசுகின்றன. அந்தப் பக்கத்துப் பிஸ்டனில் ஆழமான கீறல்கள் இருந்தால் எஞ்சின் ஒருமுறை சூடேறிச் சீஸ் ஆகியிருக்கிறது: ஆயில் குறைந்த கலவை, மெலிந்த கலவை, அல்லது எங்கோ காற்று ஒழுக்கு.

காற்று ஒழுக்கைத் தேடும் முன் கார்புரேட்டரைப் பார்த்துவிடுவோம். அங்கேதான் இரண்டு ரம்பங்களின் எதிர்பாராத உறவு வெளிப்படுகிறது. மரத்தைக் கிடைமட்டமாக வெட்டவும் செங்குத்தாக வெட்டவும் ரம்பத்தைத் திருப்ப வேண்டும். மிதவை வைத்த கார்புரேட்டர் அதற்கு ஒத்துழைக்காது. எனவே இரண்டுமே டயாபிரம் கார்புரேட்டரைச் சார்ந்திருக்கின்றன. ஒகையோ மாநிலம் டொலிடோவில் தொடங்கிய டில்லட்சன் நிறுவனத்தின் கார்புரேட்டரைப் போட்டியாளர்கள் இருவருமே பயன்படுத்தினார்கள். காட்டிலும் சந்தையிலும் எதிரெதிரே நின்ற இரண்டு ரம்பங்கள் ஒரே ஊர்க்காரரின் நுரையீரலை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கின. டயாபிரம் கிட்டை வாங்கப் போனால், பெரும்பாலும் கேட்க வேண்டியது ரம்பத்தின் பெயரை அல்ல. கார்புரேட்டரின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணை.

அந்தக் கார்புரேட்டருக்குள் ஒரு சிறு பம்பு இருக்கிறது. அதை இயக்குவது கிராங்க் அறையின் துடிப்பு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் வெற்றிடமும் அழுத்தமும் ஒரு நுண்துளை வழியாக வந்து ஒரு மெல்லிய சவ்வை அசைக்க, அந்த அசைவே டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. எஞ்சின் தன் மூச்சாலேயே தன் உணவை இழுத்துக்கொள்கிறது. எனவே கேஸ்கட் ஒன்றைத் திருப்பிப் போட்டு அந்த நுண்துளையை மூடிவிட்டால், பெட்ரோல் நிரம்பிய டேங்கோடு ரம்பம் பட்டினி கிடக்கும். பல ஆண்டு சும்மா கிடந்த ரம்பத்தில் இந்தச் சவ்வு அட்டைபோல விறைத்துவிடும். விறைத்த சவ்வு எக்ஸ்எல்-12-இலும் 041-இலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்: பிளக் துளையில் சில துளி பெட்ரோல் விட்டால் இரண்டு நொடி ஓடி நின்றுவிடும். கிட்டை மாற்றும்போது ஊசி வால்வின் நெம்பியை மறக்கக் கூடாது. டில்லட்சனில் அது அறையின் தரையோடு சமமாக நிற்க வேண்டும். தாழ்ந்தால் பட்டினி, உயர்ந்தால் வெள்ளம்.

கிராங்க் ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஆயில் சீல்கள் இருக்கின்றன. உலோகம் தேயும் முன்பே இவை காய்ந்துபோகின்றன. காய்ந்த சீல் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும், கலவை மெலியும், எஞ்சின் தேவைக்கு மேல் கீச்சிட்டுச் சுழன்று சூடாகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இரண்டு ரம்பங்களுக்கும் பொது. ஐடிலில் ஓடவிட்டு ரம்பத்தை ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும், பிறகு மறுபக்கம். சாய்க்கச் சாய்க்க வேகம் மாறினால் முதல் சந்தேகம் சீலின் மீதுதான். உறுதிப்படுத்த வேண்டுமானால் அழுத்தச் சோதனையும் வெற்றிடச் சோதனையும் செய்ய வேண்டும்: உள்வாசலையும் வெளிவாசலையும் ரப்பர் தகட்டால் அடைத்து, கைப்பம்பால் அரை பார் அளவு காற்றை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது, பிறகு அதே அளவு வெற்றிடம் இழுத்துப் பார்ப்பது. ஒன்று மட்டும் செய்துவிட்டு நிறுத்துபவர்கள் உண்டு. அது போதாது. சீலின் உதடு உள்நோக்கி இருப்பதால் உள்ளே காற்றை ஏற்றினால் அது ஷாஃப்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கெட்ட சீலும் நல்லதுபோல நடிக்கும். வெற்றிடம் இழுக்கும்போதுதான் உதடு ஷாஃப்டை விட்டு எழும்பி உண்மை வெளிவரும். வெளியே சோப்பு நீர் தடவினால் அழுத்தச் சோதனையில் குமிழி வந்து இடத்தைக் காட்டும் என்பதால், அதையும் விட்டுவிட முடியாது.

இதுவரை பார்த்ததில் வேற்றுமை மூச்சின் முறையில், உறவு ரப்பரில். இனி வேற்றுமை பெரிதாகத் தெரியும் இடத்துக்கு வருவோம்: இக்னிஷன்.

எக்ஸ்எல்-12-இல் ஃபிளைவீலுக்கு அடியில் பாயிண்டும் கண்டன்சரும் இருக்கின்றன. நெடுநாள் கிடந்த ரம்பத்தில் தீப்பொறி இல்லை என்றால், பெரும்பாலான நேரம் காரணம் பாயிண்ட் முனைகளில் படிந்த மெல்லிய படலம்தான். ஃபிளைவீலை எடுத்து, முனைகளை நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளை அட்டையை நடுவே இழுத்து, அழுக்கு ஏறாமல் வரும்வரை துடைத்தால் போதும். பிறகு இடைவெளி 0.015 அங்குலம். இந்த இடைவெளியை வெறும் அளவாக எண்ணக் கூடாது. அது கூடினால் முனைகள் சற்று முன்பே பிரியும், தீப்பொறி முந்தும். குறைந்தால் பிந்தும். ஆக, பாயிண்டைச் சுத்தம் செய்பவர் தெரிந்தோ தெரியாமலோ எஞ்சினின் நேரத்தையும் அமைக்கிறார். கண்டன்சர் கெட்டால் தீப்பொறி மஞ்சளாக, சோம்பலாக இருக்கும். முனைகள் விரைவில் கருகும். மாற்றுவதற்கு மலிவான உறுப்பு அது.

041-இன் பெருமை இங்கேதான். 1968-இல் தொடர்பு முனைகளே இல்லாத மின்னணு இக்னிஷனோடு அது வந்தபோது சங்கிலி ரம்பத்தில் அது முன்னோடி. படலம் படிய முனை இல்லை, தேய இடைவெளி இல்லை, மழையிலும் பனியிலும் தடுமாற்றம் இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து எடுத்து இழுத்தாலும் பல 041-கள் நீலப் பொறி விடுகின்றன. ஆனால் அந்தத் தொகுதி பிசினுக்குள் முழுதும் அடைக்கப்பட்டது. கெட்டால் திறக்க வழியில்லை, துடைக்க இடமில்லை, சரிசெய்ய எதுவுமில்லை. பெரும்பாலும் அது ஒரேயடியாகவும் சாவதில்லை. குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடும். சூடேறியதும் பொறி மறையும். ஆறியபின் மீண்டும் வரும். கார்புரேட்டரைத் தேவையின்றிப் பலமுறை பிரிக்கவைக்கும் கோளாறு இது.

பழைய நுட்பம் அடிக்கடி நிற்கும், ஆனால் கையால் மீளும். புதிய நுட்பம் நெடுங்காலம் நிற்காது, ஆனால் நின்றால் மீளாது. இந்த எதிர்நிலை அழகானது. அதில் ஒரு திருப்பமும் உண்டு. இப்போது சந்தையில் கிடைக்கும் சிறிய மின்னணுச் சில்லு ஒன்றைப் பாயிண்டுக்கும் கண்டன்சருக்கும் பதிலாக இணைத்து, பழைய காயிலையே வைத்து எக்ஸ்எல்-12-ஐ ஓட்ட முடியும். மின்னணுக் காலத்தின் பலன், அந்தக் காலத்துக்கு முந்தைய ரம்பத்துக்கே எளிதாகப் போய்ச் சேர்கிறது. காரணம் எளியது: ஹோம்லைட்டில் காயிலும் பாயிண்டும் கண்டன்சரும் தனித்தனி உறுப்புகள், ஒன்றை எடுத்து வேறொன்றை வைக்கலாம். ஸ்டில்லில் அவை ஒரே கட்டியாகிவிட்டன. பழுதுபார்ப்பவனாக என் மதிப்பு இந்த ஓர் இடத்தில் ஹோம்லைட்டின் பக்கம் சாய்கிறது. காட்டில் வேலை செய்தவனைக் கேட்டால் ஸ்டில்லின் பக்கம் சாய்வான்; அவன் சொல்வதும் சரியே.

இரண்டுக்கும் பொதுவான இக்னிஷன் எச்சரிக்கைகள் இரண்டு உண்டு. தீப்பொறி இல்லையென்றால் ஃபிளைவீலைத் தொடும் முன் நிறுத்து சுவிட்சின் கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உரிந்த கம்பி ஒன்று உடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் நல்ல காயிலும் ஊமையாகிவிடும். அடுத்து, ஃபிளைவீலின் சாவி. அது வெட்டுப்பட்டு ஃபிளைவீல் சற்றே நகர்ந்திருந்தால், பொறி இருக்கும், பெட்ரோல் இருக்கும், கம்பிரஷன் இருக்கும். ரம்பம் மட்டும் ஓடாது, அல்லது கயிற்றைக் கையிலிருந்து பறிக்கும். மின்னணுவால் 041 இதிலிருந்து தப்பவில்லை. எந்தக் காலத்து நுட்பமானாலும் நேரத்தைச் சொல்வது அந்தச் சிறு இரும்புத் துண்டுதான்.

மீண்டும் ரப்பருக்கு. 041-இன் பெயரில் உள்ள ‘ஏவி’ அதிர்வுத் தடுப்பைக் குறிக்கிறது. கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் குஷன்கள் அமர்ந்து நடுக்கத்தை வாங்கிக்கொள்கின்றன. நாள் முழுதும் ரம்பம் பிடித்தவர்களின் விரல்கள் இரத்த ஓட்டம் குன்றி வெளுத்து மரத்துப்போன காலத்தில் இது எவ்வளவு பெரிய நன்மை என்று சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்எல்-12-இல் அப்படி எதுவும் கிடையாது. கைப்பிடி நேரே உடலோடு முடுக்கப்பட்டது. அதன் முழு நடுக்கமும் தோள்வரை வரும். ஆனால் பழுது என்று வரும்போது நிலை தலைகீழாகிறது. ஸ்டில்லின் குஷன்கள் ஆயிலில் ஊறிப் பிய்ந்தால் பார் கையின் சொல்லைக் கேட்காமல் தொங்கும். அவற்றை மாற்றியே தீர வேண்டும். ஹோம்லைட்டில் மாற்றவோ கெடவோ அங்கே ஒன்றும் இல்லை.

பெட்ரோல் குழாய் இரண்டிலும் கெடும். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் அது இன்னும் வேகமாகக் கெடுகிறது. அமெரிக்காவில் 10 விழுக்காடு எத்தனால் பல ஆண்டுகளாகப் பழகிவிட்டது. ஜெர்மனியில் ஈ10 வகை 2011-இல் விற்பனைக்கு வந்தது. இந்தியாவிலோ இப்போது 20 விழுக்காடு. 1960-களின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. குழாய் பிசுபிசுத்து டேங்கிலேயே அறுந்து விழும், அல்லது விறைத்து நுழைவாயிலில் வெடிக்கும். வெடிப்பு நுணுக்கமாக இருந்தால் பெட்ரோல் வெளியே கசியாமலே காற்று மட்டும் உள்ளே இழுக்கப்படும். பார்வைக்கு எல்லாம் நலமாகத் தோன்றும். டேங்கின் காற்றுத்துளை அடைபட்டாலோ ரம்பம் சில நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு சோர்ந்து நிற்கும். மூடியைத் தளர்த்தியதும் ஒரு சிறு உறிஞ்சல் ஒலி கேட்டு மறுபடி உயிர் வந்தால், கார்புரேட்டரைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டின் உடலும் மக்னீசியக் கலவையால் வார்க்கப்பட்டது. அதில் எஃகுத் திருகு பல ஆண்டு இருந்தால் வெள்ளைப் பொடி பூத்துப் பிடித்துக்கொள்ளும். வலிந்து திருப்பினால் திருகு வராது, மரைதான் வரும். சூடுகாட்டிப் பொறுமையாகத் தட்டி எடுப்பதும், போன மரைக்குக் கம்பிச்சுருள் மரை போடுவதும் இரண்டுக்கும் ஒன்றே. ஒன்றுக்கு அங்குல ஸ்பானர், மற்றதற்கு மில்லிமீட்டர். சிலிண்டர் சுவரில் இரண்டுக்கும் க்ரோம் பூச்சு. சீஸ் ஆனபோது ஒட்டிய அலுமினியத்தைக் கவனமாக நீக்கினால், பூச்சு உரியாமல் இருக்கும்பட்சத்தில் அதே சிலிண்டர் மறுபடி உழைக்கும்.

எஞ்சினைத் திறக்கும் முன் பார்க்க வேண்டிய ஒன்றை இவ்வளவு தாமதமாகச் சொல்வது, அதைப் பலரும் இந்த வரிசையில்தான் பார்க்கிறார்கள் என்பதால்: சங்கிலி. “சக்தியில்லை” என்று வரும் பழைய ரம்பங்களில் பலவற்றுக்கு எஞ்சினில் நோயே இல்லை. வெட்டும்போது சீவல் வராமல் மாவாகத் தூள் வந்தால் பல் மழுங்கியிருக்கிறது. எக்ஸ்எல்-12-உம் 041-உம் இங்கேயும் உறவினர்கள். ஜோசப் பூஃபோர்ட் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரத்தைத் துளைக்கும் வண்டுப்புழு தன் தாடைகளால் இழைக்குக் குறுக்கேயும் நெடுக்கேயும் இடமும் வலமுமாக அரித்துப்போவதை 1946-இல் கவனித்து வடித்த பல்லின் வழிவந்த சங்கிலிகளையே இரண்டும் சுற்றுகின்றன. எட்டில் மூன்று அங்குலச் சங்கிலிக்கு ஐந்தரை மில்லிமீட்டர் வட்ட அரம். பல்லுக்கு முன்னே நிற்கும் ஆழ அளவுத் திமில் 0.025 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை மட்டும் தீட்டித் திமிலை மறந்தால், கூர்மையான சங்கிலியும் மரத்தைத் தடவிக்கொண்டிருக்கும்.

கலவை ஆயிலிலும் ஒரு பாடபேதம். எக்ஸ்எல்-12-இன் பழைய குறிப்பு 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றது. ஸ்டில் தன் சொந்த ஆயிலுக்கு 40-க்கு 1, மற்றவற்றுக்கு 25-க்கு 1 என்றது. இன்றைய டூ-ஸ்ட்ரோக் ஆயில் அன்றையதைவிடப் பன்மடங்கு மேம்பட்டது என்பதால் இரண்டையும் 32-க்கு 1 அல்லது 40-க்கு 1 என்ற அளவில் ஓட்டுபவர்களே மிகுதி. அளவை மாற்றினால் கார்புரேட்டரையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஆயில் கூடினால் அதே துளை வழியே வரும் பெட்ரோல் குறையும், கலவை மெலியும். கூடுதல் ஆயில் எப்போதும் பாதுகாப்பு என்று எண்ணுபவர்கள் இந்த நுணுக்கத்தைத் தவறவிடுகிறார்கள்.

சரிபார்க்கும் முறை இரண்டிலும் காதின் வேலைதான். இரண்டு திருகுகளையும் மெல்ல அடைத்து ஒரு சுற்றுத் திறந்து தொடங்குவது. சூடேறியபின் முழு வேகத்தில், சுமையில்லாமல், ஒலி சற்றே தடுமாறிக் குமிழியிட வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தத் தடுமாற்றம் நீங்கிச் சீராக வேண்டும். சுமையில்லாதபோதே கீச்சென்று சீராக ஒலித்தால் கலவை மெலிந்திருக்கிறது. அடுத்த சில நிமிடத்தில் பிஸ்டன் அதற்கு விலை கொடுக்கும். குட்டை ஓட்டமுள்ள எக்ஸ்எல்-12-இல் இந்தத் தடுமாற்றம் உயர்ந்த சுருதியில் வரும், பழகாத காதுக்கு எளிதில் தப்பும். 041-இல் அது தாழ்ந்து, தெளிவாகப் பிரிந்து கேட்கும். சுருதி கற்க 041 நல்ல ஆசான்.

உதிரிபாகங்களுக்கு அலையும்போது இன்னொரு தலைகீழ் நிலை. ஸ்டில் இன்றும் வைப்லிங்கனில் குடும்ப நிறுவனமாகவே இருக்கிறது. ஹோம்லைட் 1955-இல் டெக்ஸ்ட்ரான் கைக்கும், 1994-இல் ஜான் டியர் கைக்கும், 2000-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கின் டெக்ட்ரானிக் கைக்கும் மாறியது. நிறுவனம் உயிரோடிருக்கும் ரம்பத்துக்குப் பாகம் எளிதில் கிடைக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? 1110 என்று தொடங்கும் 041-இன் பாக எண்களில் பல இன்று பட்டியலில் இல்லை. எக்ஸ்எல்-12-க்கோ உடன்பிறப்புகள் அதிகம். சூப்பர் எக்ஸ்எல் முதலிய மாடல்களோடு பல பாகங்கள் பொருந்தும். ஓடாத உடல்கள் அமெரிக்கக் கொட்டகைகளில் நிறையக் கிடக்கின்றன. ஒன்றைப் பிரித்து இன்னொன்றை எழுப்புவதே அங்கு வழக்கம்.

எந்த ரம்பமானாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எக்ஸ்எல்-12-இல் செயின் பிரேக் கிடையாது. ஸ்டில் தன் செயின் பிரேக்கைக் கொண்டுவந்தது 1972-இல். அதற்கு முந்தைய 041-களிலும் அது இல்லை. பாரின் முனை மரத்தில் இடித்து ரம்பம் முகத்தை நோக்கி எகிறினால் தடுக்க உங்கள் இடக்கை மட்டுமே இருக்கிறது. ஓடவைப்பது ஒன்று, அதைக் கொண்டு மரம் வெட்டுவது வேறு. நாள் முழுதும் வெட்டும் வேலைக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்றை வாங்கிக் கற்கத் தொடங்குபவருக்கு எது? பிரித்துப் பழக எக்ஸ்எல்-12. அதன் இதழ்களும் பாயிண்டும் தனித்தனியே கைக்கு வரும். தவறு செய்தாலும் திருத்த இடம் தரும். விலைக்கு வரும் எக்ஸ்எல்-12-இல் பொறி இல்லையென்பது பேரம் பேச ஒரு காரணம், அவ்வளவே. 041-இல் அதே குறையைக் கேட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. பொறி இருக்கிறது என்று விற்பவர் காட்டினாலும் நம்பிவிட வேண்டாம். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு, நிறுத்தி, எஞ்சினின் சூடு உள்ளே ஊறும்படி பத்து நிமிடம் அப்படியே விட்டு, பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். அந்த நேரத்திலும் முதல் ஓரிரு இழுப்பில் கிளம்பினால் அந்த 041-ஐ வாங்கலாம்.